ஜெனரேட்டருக்குப் பக்கத்துக் கடை

முப்பத்தெட்டாம் தெருவில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
நடைபாதை நெடுக ஜெனரேட்டர்கள்,
கடைக்கு ஒன்று, சங்கிலி போட்டுப் பூட்டியவை,
ஒவ்வொன்றும் தன் முதலாளிக்காக உறுமுகின்றன.
ஹெட்போன் வாங்க இதைவிட நல்ல இடம்
ரங்கூனில் எங்கே இருக்கிறது?

ஸேயா மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தான்.

முதலாவது
மூக்குக்கண்ணாடிக் காம்பைக் கன்னப்பொறியில் அழுத்தியது.
ஐந்து நிமிடத்தில் தலைவலி.
மோல்மீனுக்கோ ராத்திரி முழுக்கப் பயணம்.
வேண்டாம்.

இரண்டாவது மெத்தென்று உட்கார்ந்தது.
பித்தானை அழுத்தினேன்.
ஜெனரேட்டர் போயிற்று.
குறையவில்லை, போயிற்று:
யாரோ தெருவைப் பாயாகச் சுருட்டிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்ட மாதிரி.
ஆனால் ஸேயா விலை சொன்னது
முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.
"ஒரே சீரான இரைச்சலைத்தான் விழுங்கும், அக்கா.
மனுஷக் குரல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்."
அப்படியானால் என் மேனேஜரை என்ன செய்வது?
"அதற்கு லீவு போடணும்."

நான் உளுந்து ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறவள்.
பெட்டியில் 'முப்பது மணி நேரம்' என்று அச்சடித்திருந்தது.
எந்த ஊர் முப்பது?
எங்கள் வீட்டில் நான்கு மணி வரும், எட்டு மணி போகும்.
வந்ததும் தண்ணீர் மோட்டார், சோறு, இஸ்திரிப் பெட்டி,
என் ஃபோன், தம்பி தயாளனின் ஃபோன்,
அவன் கடன் வாங்கி வந்த இன்னொரு ஃபோன்.
வரிசையில் ஹெட்போன் கடைசி ஆள்.
சார்ஜ் தீர்ந்தால் ஒயர் செருக ஓட்டை உண்டா என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இருந்தது.
பாதி விலையை அந்த ஓட்டைக்கே கொடுக்கலாம்.

மூன்றாவது
என் இரண்டு மாதச் சம்பளத்தை
உள்ளே வைத்துத் தைத்தது.
வாங்கப் போவதில்லை என்று தெரிந்துதான் மாட்டினேன்.
என் தாடை அசைவது கேட்டது. எச்சில் இறங்குவது கேட்டது.
இத்தனை நாளும் இவ்வளவு சத்தமாகவா
இருந்துகொண்டிருக்கிறேன்?
பதறிப்போய் ஒரு பாட்டைப் போடச் சொன்னேன்.
வயலின் நடுவில் இருக்கும்போது
எதிர்ச்சாரியில் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.
டீக்கடைப் பையன் கையைத் தூக்கினான்.
மாடியில் ஒருத்தி துணி உதறுவதை நிறுத்தினாள்.
ஸேயாவின் வாயும் திறந்து மூடியது.
தலைக்கு மேல் விசிறி சுற்றிய பிறகுதான் புரிந்தது.
மீ லா பீ! கரண்ட் வந்துவிட்டது!
தெருவே கத்திய கத்தலில்
என் பங்கு மட்டும் எனக்கு வரவில்லை.
பந்தியில் உட்கார்ந்தும்
இலை போடாமல் விட்டுப்போனவளைப் போல நின்றேன்.

இரண்டாவதையே கட்டித் தரச் சொன்னேன்.
ஐயாயிரம் கியாட் குறைத்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்.
எஞ்சினுக்கு நேர் மேலே என் சீட்டு.
டிவியில் கோமாளி ஒருவன் விழுந்து விழுந்து எழுந்தான்.
பாட்டு எதுவும் போடவில்லை.
பித்தானை மட்டும் அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
பின்சீட்டுக் குழந்தையின் அழுகை
டிக்கெட் எடுக்காமல் உள்ளே வந்து வந்து போனது.

பக்கத்தில் தட்டோனுக்குப் போகும் வெற்றிலை வியாபாரி
என்ன பாட்டு என்று சைகையால் கேட்டார்.
ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை.
கழற்றிக் கொடுத்தேன்.
மாட்டினார். கண் விரிந்தது.
பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:
"டிரைவர்! எஞ்சின் நின்னுபோச்சு!"

பாதி பஸ் எழுந்து செருப்பைத் தேடியது.
கிளீனர் பையன் டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தான்.
ஹாரனை நீளமாக ஒரு முறை அழுத்தி
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நிரூபித்தார் டிரைவர்.

பகோ தாண்டியும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை.
வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டு
கண்ணை மூடியிருந்தார்.
ஃபோனில் பார்த்தேன்.
பேட்டரி எழுபத்தொன்று.